கடலில்லாத ஊரில் ஒரு விரிகுடாக் கோட்டை

முதல் நாள்: விக்டோரியா

டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியில், சான் அன்டோனியோ ஆற்றங்கரை மேட்டில், கோலியாட் என்ற சிற்றூரின் எல்லையில் ஸ்பானியர் கட்டிய ஒரு கோட்டை நிற்கிறது. லொரேட்டோ மாதாவின் பெயரைத் தாங்கிய அந்தக் கோட்டையை எல்லோரும் லா பாஹியா என்றுதான் அழைக்கிறார்கள். பாஹியா என்றால் ஸ்பானிய மொழியில் விரிகுடா. வரைபடத்தை விரித்து வைத்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கோலியாட்டின் ஓரத்தில் கடல் இல்லை. ஹூஸ்டனுக்குக் குடிவந்த நாளிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருந்த அந்தப் பெயர்தான் இந்த நான்கு நாள் பயணத்துக்குக் காரணம். கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் அத்தானும் உடன் வருகிறார். கால்நடை பராமரிப்புத் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டை என்றபோது முகம் கொடுக்காதவர், அதைச் சுற்றி ஒரு காலத்தில் பல்லாயிரம் மாடுகள் மேய்ந்தன என்றதும் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

59ஆம் எண் நெடுஞ்சாலையில் பாதி வழியைத் தாண்டியதும் இருபுறமும் முட்புதர்கள் தொடங்கின. அத்தான் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "மாப்பிள்ளை, இந்தச் சனியன் இங்கேயுமா?" என்றார். அது மெஸ்கீட் மரம். நம் கரிசல் காட்டை விழுங்கிய சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய பங்காளி. நம் ஊருக்கு அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி, இங்கே இதுதான் மண்ணின் மரம். இதன் நெற்றுகளை இடித்து மாவாக்கித் தின்றுதான் இந்த நிலத்தின் பழங்குடிகள் பஞ்ச காலங்களைக் கடந்தார்கள். பிறகு ஸ்பானியர் கொண்டுவந்த மாடுகள் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் புல்வெளியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

விக்டோரியாவில் இறங்கியதற்குக் காரணம் பீரங்கிகள். கோட்டையின் கதை கோலியாட்டில் தொடங்கவில்லை. தொடங்கி வைத்தவர்களும் ஸ்பானியர் அல்லர். மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடிக் கப்பலேறிய பிரெஞ்சுக்காரர் லா சால் வழி தவறி, 1685இல் மட்டகோர்டா விரிகுடாவில் வந்து இறங்கினார். கார்சிடாஸ் என்ற ஓடைக்கரையில் அவர் அமைத்த குடியிருப்புக்குச் செயின்ட் லூயிஸ் கோட்டை என்று பிற்காலத்தார் பெயரிட்டார்கள். நோயும் பசியும் ஆட்களைத் தின்றன. லா சாலை அவருடைய ஆட்களே 1687இல் சுட்டுக் கொன்றார்கள். எஞ்சியிருந்தவர்களைக் கடலோரப் பழங்குடியான கராங்காவா மக்கள் தாக்கி முடித்தார்கள். பிரெஞ்சுக்காரரைத் துரத்துவதற்காகவே மெக்சிகோவிலிருந்து மீண்டும் மீண்டும் படை நடத்தி வந்த அலோன்சோ தெ லியோன் 1689 ஏப்ரலில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, அங்கே துரத்துவதற்கு எவருமில்லை. கிடந்த எட்டு இரும்புப் பீரங்கிகளையும் மண்ணில் புதைத்துவிட்டுப் போனார். அவை 1996 வரை மண்ணுக்குள்ளேயே கிடந்தன.

அவற்றில் சிலவற்றை இங்குள்ள கோஸ்டல் பெண்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த இரும்பு இவ்வளவு கறுப்பாகவும் முழுமையாகவும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அவை ஆயுதங்களாகத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் ஸ்பானியர் எழுப்பிய ஒவ்வொரு சுவருக்கும் கூலியாகக் கொடுக்கப்பட்ட அச்சமாகத் தெரிந்தன. ஏனென்றால் 1721இல் டெக்சஸின் ஸ்பானிய ஆளுநர் அகுவாயோ பிரபு, பிரெஞ்சுக்காரர் மறுபடியும் வந்துவிடுவார்கள் என்ற அந்த அச்சத்தால்தான், அதே ஓடைக்கரையில், அதே பாழடைந்த குடியிருப்பின் மேலேயே ஒரு பிரெசிடியோவை நிறுவ ஏற்பாடு செய்தார். பிரெசிடியோ என்பது காவற்படை குடும்பத்தோடு தங்கும் எல்லைக் கோட்டை. நட்சத்திர வடிவில் எழுந்த அந்த மரக்கோட்டை விரிகுடாவின் பெயரைப் பெற்றது. 1722இல் பக்கத்திலேயே எஸ்பிரித்து சாந்தோ என்ற மிஷனைப் பிரான்சிஸ்கன் துறவிகள் தொடங்கினார்கள். மிஷன் என்பது பழங்குடிகளைக் குடியமர்த்திக் கிறிஸ்தவராக்கத் துறவிகள் நடத்தும் குடியிருப்பு.

அங்கே கோட்டை நான்கைந்து ஆண்டுகள்தான் நின்றது. கராங்காவா மக்களோடு உறவு விரைவில் கசந்தது. முதல் தளபதி டொமிங்கோ ரமோன் 1723ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு கைகலப்பில் கத்தரிக்கோலால் மார்பில் குத்துப்பட்டு இறந்தார். 1726இல் கோட்டையும் மிஷனும் உள்நாட்டுக்குப் பெயர்ந்து குவாடலூப் ஆற்றங்கரைக்குப் போயின. விரிகுடாவை விட்டுப் போனாலும் பெயரை விடவில்லை.

இரண்டாம் நாள்: கோட்டைக்குள்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோலியாட்டைக் கடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறினோம். முதலில் கண்ணில் படுவது தேவாலயத்தின் மணிக்கூண்டுதான். அதற்கு அப்புறம்தான் அதைச் சுற்றி ஓடும் மதில். மண்நிறக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த மதில், மூலைகளில் வெளியே துருத்தும் கொத்தளங்கள், ஒவ்வொன்றிலும் வெளியை நோக்கி ஒரு பீரங்கி. நடுவே மூன்றரை ஏக்கர் அளவுக்குப் புல் தரை. உயர்ந்த கோபுரங்களையும் அகழியையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஐரோப்பியப் பெரும்படையின் முற்றுகைக்காகக் கட்டிய கோட்டை அல்ல இது. குதிரையில் வந்து மாட்டையும் குதிரையையும் ஓட்டிச் செல்லும் குழுக்களைத் தடுத்து நிறுத்த எவ்வளவு சுவர் வேண்டுமோ அவ்வளவுதான் கட்டினார்கள்.

ஸ்பானியக் குடியேற்றத் தலைவர் ஹோசே தெ எஸ்கன்டோனின் பரிந்துரையின் பேரில் 1749இல் கோட்டையும் மிஷனும் குவாடலூப் கரையிலிருந்து மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் இங்கே வந்து அமர்ந்தன. முதலில் மரமும் மண்ணும்தான். 1771 வாக்கில் கல்லால் கட்டி முடித்தபோது, ரியோ கிராண்டே முகத்துவாரத்திலிருந்து மிசிசிப்பி வரையிலான வளைகுடாக் கரை முழுவதற்கும் ஸ்பெயினுக்கு இருந்த ஒரே கோட்டை இதுவாக இருந்தது. அதற்குச் சற்று முன்னால், 1767இல், ரூபி பிரபு என்ற மேற்பார்வையாளர் எல்லைக் கோட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு இவ்வழியே வந்தார். அவருடன் வந்த ஹோசே தெ உருத்தியா ஒவ்வொரு கோட்டைக்கும் வரைபடம் வரைந்தார். அரசுக் கருவூலத்துக்குப் பாரமாக இருக்கும் கோட்டைகளை மூடச் சொன்னார் ரூபி. அதன் விளைவாக வந்த 1772ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு டெக்சஸில் எஞ்சியவை இரண்டு: சான் அன்டோனியோவும் லா பாஹியாவும்.

அந்தச் சட்டத்தின் விவரங்களைப் படித்தால் சிப்பாயின் வாழ்க்கை கண்முன் வரும். ஒவ்வொரு சிப்பாயும் ஆறு குதிரைகளும் ஒரு குட்டியும் ஒரு கோவேறு கழுதையும் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கியோடு ஈட்டியும் தோல் கேடயமும் வேண்டும். மேலே, அம்பு துளைக்காதபடி பல மடிப்புத் தோலை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்த கனத்த மேலங்கி. அந்த அங்கியின் பெயராலேயே இவர்களைத் தோலங்கிச் சிப்பாய்கள் என்று அழைத்தார்கள். தென் டெக்சஸின் ஆகஸ்டு வெயிலை நான் அறிவேன். பருத்திச் சட்டையே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதில் இந்தத் தோல் மூட்டையைச் சுமந்துகொண்டு நாள் முழுக்கக் குதிரையில் சுற்றியவனுக்குச் சம்பளம் பெரும்பாலும் பணமாக வராது, சாமானாக வரும். அந்தச் சாமானுக்கு விலை வைப்பவரோ பல கோட்டைகளில் அவனுடைய தளபதியே. தளபதிகளின் இந்தக் கடை வியாபாரத்தைத் தடுப்பதுதான் 1729, 1772 ஆகிய இரண்டு சட்டங்களுக்கும் முக்கிய வேலையாக இருந்தது. ஒரே தவற்றுக்கு நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டம் தேவைப்பட்டது என்றால், முதல் சட்டம் எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேவாலயத்தின் வாசலுக்கு மேலே ஒரு மாடக்குழி, அதற்குள் லொரேட்டோ மாதாவின் சிலை. சிலை பழையதன்று, ரஷ்மோர் மலை முகங்களைச் செதுக்கி முடித்த லிங்கன் போர்க்லம் செய்தது. உள்ளே வளைகூரை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்குகிறது. பீடத்தின் பின்சுவரில் அன்டோனியோ கார்சியா 1946இல் தீட்டிய சுவரோவியம்: வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. இன்றும் இங்கே ஞாயிறு திருப்பலி நடக்கிறது. லொரேட்டோ என்பது இத்தாலிய ஊர். நாசரேத்தில் மரியாள் வாழ்ந்த வீட்டை வானதூதர்கள் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே இறக்கினார்கள் என்பது ஐதீகம். இடம் மாறிய வீட்டின் மாதாவை, இடம் மாறிக்கொண்டே இருந்த கோட்டைக்குக் காவலாக வைத்தது தற்செயல்தான். இருந்தாலும் வெகுநேரம் அந்த மாடக்குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேவாலயம் ஒன்றுதான் இடிபாடாகாமல் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தது. மதிலும் படைவீடுகளும் சரிந்து கிடந்தவை. 1963 முதல் 1967 வரை, கேத்ரின் ஓகானர் அறக்கட்டளையின் பணத்தில், கட்டடக் கலைஞர் ரேஃபர்ட் ஸ்ட்ரிப்ளிங் அவற்றை எடுத்துக் கட்டினார். ஆகவே இங்கே கையில் படும் கல் ஒவ்வொன்றையும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கல் என்று நம்பித் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

மதிலுக்குள் பழைய அதிகாரிகள் குடியிருப்பைத் தங்கும் விடுதியாக்கி இருக்கிறார்கள். இன்றிரவு எங்களுக்கு அங்கேதான் இடம். ஐந்து மணிக்குப் பார்வையாளர்கள் வெளியேறி வாயில் சாத்தப்பட்டதும் முற்றம் முழுவதும் எங்கள் இருவருக்கே சொந்தமாயிற்று. ஆற்றுப் பக்கமிருந்து தவளைச் சத்தம். இந்த முற்றத்தில் எத்தனை கொடிகள் ஏறி இறங்கின என்று அத்தானுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். ஸ்பெயினிடமிருந்து டெக்சஸைப் பறிக்க வந்த குத்தியேரஸ்–மகீ படை 1812 நவம்பரில் உள்ளே புகுந்து நான்கு மாதம் முற்றுகையைத் தாங்கியது. படைத்தலைவர்களில் ஒருவரான மகீ மதிலுக்குள்ளேயே செத்தார். 1821 அக்டோபரில் ஜேம்ஸ் லாங் என்ற அமெரிக்கர் படையோடு வந்து பிடித்தார், நான்கே நாளில் இழந்தார். பிறகு சுதந்திர மெக்சிகோவின் கொடி. 1829இல் ஊரின் பெயரையும் மாற்றினார்கள்: மெக்சிகோ விடுதலையின் தந்தை ஹிடால்கோவின் பெயரில், ஸ்பானிய நாவில் ஒலிக்காத முதல் எழுத்தை எடுத்துவிட்டு மீதி ஆறெழுத்தை முன்பின்னாகக் கலைத்தால் கோலியாட் வரும். லா பாஹியா என்ற பெயர் கோட்டைக்கு மட்டும் தங்கியது.

அதே 1829 மார்ச்சில் இம்மதிலின் நிழலில் பிறந்த இக்னாசியோ சரகோசா, 1862 மே 5 அன்று மெக்சிகோவின் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். பிரெஞ்சுக்காரருக்கு அஞ்சிக் கட்டிய கோட்டையின் பிள்ளை அவர்களை வெல்ல நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின, அதுவும் வேறொரு நாட்டின் படைத்தலைவனாக.

மூன்றாம் நாள்: மிஷனும் மாடும்

ஆற்றுக்கு அக்கரையில், மாநிலப் பூங்காவுக்குள் எஸ்பிரித்து சாந்தோ மிஷன் இருக்கிறது. இடிபாடாகக் கிடந்ததை 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், வேலையற்ற இளைஞர்களுக்கென அரசு அமைத்த தொண்டர் படை மறுபடி கட்டியெழுப்பியது. கோட்டையிலிருந்து பார்த்தால் மிஷனின் வெள்ளைச் சுவர் மரங்களுக்கு மேலே தெரிகிறது. இந்தப் பார்வைத் தொலைவுதான் ஸ்பானியர் வகுத்த முறையின் இலக்கணம்: மிஷனைக் காக்கக் கோட்டை பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் சிப்பாய்களின் ஒழுக்கக்கேடு புதுக் கிறிஸ்தவர்களைத் தொற்றாதிருக்க நடுவே ஓர் ஆறாவது ஓட வேண்டும். ஆறு இருந்தும் சச்சரவு ஓயவில்லை. கோட்டைக்கு மிஷனின் சோளமும் மாடும் வேண்டும். மிஷனுக்கு, ஓடிப்போன பழங்குடியினரைப் பிடித்துவரக் கோட்டையின் குதிரைகள் வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் மேலிடத்துக்குப் புகார் எழுதிக்கொண்டே ஒருவரை ஒருவர் நம்பி வாழ்ந்தார்கள்.

இங்கே வாழ்ந்தவர்கள் அரானமா, தமீக்கே மக்கள். துறவிகள் அவர்களுக்கு மணியடித்துச் செபமும் நெசவும் உழவும் கற்பித்தார்கள் என்று பலகைகள் சொல்கின்றன. என் கணக்கில் பெரிய மாற்றம் குதிரைமேல் ஏற்றியதுதான். நடந்தே வேட்டையாடிய மக்கள் இரண்டு தலைமுறைக்குள் தேர்ந்த மேய்ப்பர்கள் ஆனார்கள். ரான்ச், ரோடியோ, லாசோ என்று இன்று உலகமே அமெரிக்கச் சொற்களாக நினைக்கும் சொற்கள் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. அந்தச் சொற்களுக்குரிய வேலையை டெக்சஸ் மண்ணில் முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் இந்த மிஷன்களின் பழங்குடி மேய்ப்பர்கள். திரையில் வரும் கௌபாய் முகம் எப்போதும் வெள்ளையாக இருப்பதை இங்கே நின்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

மிஷனின் உச்ச காலத்தில் 40,000 மாடுகள் இருந்தன என்று பூங்காவில் சொல்கிறார்கள். அத்தான் தலையை ஆட்டினார். "சூடு போட்ட மாட்டைத்தான் எண்ண முடியும். வேலியில்லாத காட்டில் திரியறதை எவன் எண்ணினான்?" என்றார். நியாயமான கேள்வி, கேட்டதும் எனக்கு 1778 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு தலைமைத் தளபதி தியோதோரோ தெ குருவா, சூடில்லாத மாடும் குதிரையும் அனைத்தும் அரசனுக்குச் சொந்தம் என்று ஆணையிட்டார். மேய்ப்பர்கள் போதாமல் கன்றுகளுக்குச் சூடு போட முடியாதிருந்த மிஷனுக்கு அந்த ஓர் ஆணை, எதிரிகள் பல ஆண்டுகளில் ஓட்டிச்சென்ற மந்தைகளைவிடப் பெரிய இழப்பு. அத்தான் சூட்டுக்கோல்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்து, ஒவ்வொரு கோலின் வளைவையும் விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். தாமே எத்தனையோ மாட்டுச் சந்தைகளில் பார்த்த குறிகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் போலும்.

மறு ஆண்டே இந்த மாடுகளுக்கு எதிர்பாராத தேவை வந்தது. 1779இல் ஸ்பெயின் இங்கிலாந்தோடு போரில் இறங்கியது. லூசியானாவின் ஆளுநர் பெர்னார்டோ தெ கால்வெஸ் தன் படைக்குச் சோறு போட டெக்சஸ் ஆளுநர் டொமிங்கோ காபெல்லோவிடம் மாடு கேட்டார். முதல் தவணையாக 2,000 மாடுகள் கிழக்கே புறப்பட்டன; தொடர்ந்து பல மந்தைகள் போயின. இம்மந்தைகளுக்குத் துணை சென்றவர்களில் லா பாஹியா சிப்பாய்களும் உண்டு. கால்வெஸ் பேட்டன் ரூஜையும் மொபீலையும் பென்சகோலாவையும் அடுத்தடுத்துப் பிடித்தார். அமெரிக்க விடுதலைப் போரின் வரலாற்றில் இந்தக் கரையோர மாடுகளுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

பிற்பகல் ரொசாரியோ மிஷன் இருந்த திசையில் சென்றோம். கராங்காவா மக்களுக்காக 1754இல் தொடங்கியது. இன்று மிச்சமிருப்பது அடித்தளச் சுவர்கள் மட்டுமே, அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக முடியும் என்பதால் சாலையோடு திரும்பினோம். துறவிகளின் கடிதங்கள் கராங்காவா மக்களை நிலையில்லாதவர்கள் என்று குறைபட்டுக்கொள்ளும். குளிர்காலத்தில் மீனும் சிப்பியும் கிடைக்கும் கடலோரம், வெயில்காலத்தில் மானும் காட்டெருமையும் வரும் உள்நாடு என்று பருவத்துக்கேற்பக் காலங்காலமாக நகர்ந்த மக்கள் அவர்கள். தங்கள் சுற்றில் மிஷனையும் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துக்கொண்டார்கள். சோளம் இருக்கும்வரை இருந்தார்கள், தீர்ந்ததும் கடலுக்குப் போனார்கள். ரொசாரியோ 1807இல் மூடப்பட்டது. எஸ்பிரித்து சாந்தோ 1831 வாக்கில் கலைக்கப்பட்டு அதன் நிலம் குடியேறிகளிடம் போயிற்று.

நான்காம் நாள்: ஃபேனின் வழியாக விரிகுடாவுக்கு

இங்கே வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் 1836 மார்ச்சின் ஒரு வாரத்துக்காகவே வருகிறார்கள். அதைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்தது வேண்டுமென்றேதான்; முன்னரே சொல்லியிருந்தால் மற்ற நூறாண்டுகளை எவரும் கேட்கமாட்டார்கள்.

மெக்சிகோவுக்கு எதிராக எழுந்த டெக்சஸ் குடியேறிகள் 1835 அக்டோபரில் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த மார்ச்சில் ஜேம்ஸ் ஃபேனின் தலைமையில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். பின்வாங்கச் சொல்லி ஆணை வந்தும் நாட்களை வீணாக்கிய ஃபேனின் 19ஆம் தேதி காலை புறப்பட்டார். வழியில் காளைகளை மேயவிட நின்றார். கொலெட்டோ ஓடையின் மரங்கள் எட்டும் தூரத்தில் தெரிய, தண்ணீரில்லாத திறந்த புல்வெளியில் மெக்சிகோத் தளபதி உர்ரெயாவின் குதிரைப்படை அவர்களைச் சூழ்ந்தது. மறுநாள் சரணடைந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள அந்தப் புல்வெளியில் இன்று காலை நின்றோம். பஞ்சாலையின் பழைய இரும்புத் திருகு ஒன்றை அடையாளமாக நட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஒளிய ஒரு மேடு இல்லை. அந்த நிலத்தைப் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கைதிகளைக் கோட்டைக்கே கொண்டுவந்து அந்தச் சிறிய தேவாலயத்துக்குள் அடைத்தார்கள். ஆயுதத்தோடு பிடிபட்ட அந்நியர்களைக் கடற்கொள்ளையராகக் கருதிக் கொல்லும்படி முந்தைய டிசம்பரில் மெக்சிகோ சட்டம் இயற்றியிருந்தது. உர்ரெயா கருணை காட்டச் சொல்லி எழுதினார். மெக்சிகோப் படைகளின் தலைவர் சாந்தா அன்னா கொல்லச் சொல்லி நேரடியாகக் கோட்டைத் தளபதி போர்த்தில்யாவுக்கு ஆணை அனுப்பினார். மார்ச் 27, குருத்து ஞாயிறு. நடக்க முடிந்தவர்களை மூன்று பிரிவாக்கி மூன்று சாலைகளில் நடத்திச் சென்று சுட்டார்கள், காயம்பட்டவர்களை முற்றத்தில். காலில் அடிபட்ட ஃபேனினை உட்காரவைத்துக் கடைசியாகச் சுட்டார்கள். இறந்தவர்கள் 342 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. 28 பேர் ஓடித் தப்பினார்கள். மருத்துவர்களையும் வேறு சிலரையும் விட்டுவைத்தார்கள். அவர்களில் சிலருக்காக மன்றாடிய பிரான்சிட்டா அலாவெஸ் என்ற மெக்சிகோப் பெண்ணைக் கோலியாட்டின் தேவதை என்கிறார்கள். எரிந்தும் எரியாமலும் கிடந்த உடல்களை ஜூன் மாதம்தான் டெக்சஸ் படைத் தளபதி ரஸ்க் அடக்கம் செய்தார். அந்த இடத்தில், கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, ரவுல் ஜோசே செதுக்கிய இளஞ்சிவப்புக் கருங்கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. இரண்டு இரவுகளுக்கு முன் நாங்கள் நாற்காலி போட்டு அமர்ந்து தவளைச் சத்தம் கேட்ட முற்றம் இதுவேதான் என்பது அத்தானுக்கு இன்றுதான் தெரிந்தது. "முந்தியே சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்கமாட்டேன்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் விக்டோரியாவில் நேரே போகாமல் தெற்கே திரும்பி, போர்ட் லவாக்காவைத் தாண்டி இண்டியனோலா வரை ஓட்டினோம். சாலை முடியும் இடத்தில் லா சாலின் சிலை. அதுவும் அதே ரவுல் ஜோசே செய்ததுதான். அதற்கு அப்பால் மட்டகோர்டா விரிகுடா, கலங்கிய பழுப்புத் தண்ணீர், கரையெங்கும் உடைந்த சிப்பி ஓடுகள். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவு நீரில் இறங்கி, வடமேற்கே கையை நீட்டி, "கோட்டை அந்தப் பக்கம்தானே?" என்று கேட்டார். கார்சிடாஸ் ஓடை வடக்கே, கோலியாட் மேற்கே. இரண்டுக்கும் நடுவில் குவாடலூப். அவர் கை நீட்டிய இடத்தில் வானமும் புல்லும் மட்டும் இருந்தன.